காந்தியின் அலுவலகத்தைத் தாங்கிய யூதப் பெண்: சோன்யா ஷிலேசின்

நெகிரி செம்பிலானின் லிங்கி, லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களுக்கு ரப்பர் நடவும் பால் வெட்டவும் வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் அன்றைய சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அதே மாகாணத்திலிருந்து இன்னொரு கூட்டம் மேற்குத் திசையில் போனது. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1 லட்சத்து 52 ஆயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் மாநிலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். இங்கே ரப்பர்க் காடு என்றால் அங்கே கரும்புத் தோட்டமும் நிலக்கரிச் சுரங்கமும்.

அந்தத் தமிழர்களின் போராட்டக் கதையில் காந்தி, தம்பி நாயுடு, தில்லையாடி வள்ளியம்மை ஆகிய பெயர்களை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். அதே கதையில் அடிக்கடி விடுபட்டுப் போகும் ஒரு பெயர் சோன்யா ஷிலேசின். அவர் தமிழர் அல்லர், இந்தியரும் அல்லர். ரஷ்யாவில் பிறந்த யூதப் பெண்.

1913 நவம்பர் மாதத்தின் நடுவில் காந்தி சிறையில் இருந்தார். அவருடைய நெருங்கிய தோழர்களான ஹெர்மன் காலன்பாக்கும் ஹென்றி போலாக்கும் சிறைக்குப் போய்விட்டார்கள். தமிழர் தலைவர்களும் உள்ளே இருந்தார்கள். வெளியே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். அந்த நாள்களில் இயக்கத்தின் கடிதங்களையும் தொடர்புகளையும் அறுந்துவிடாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் முதன்மையானவர் இந்தப் பெண். அப்போது அவருக்கு வயது 25.

மாஸ்கோவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு

சோன்யா 1888 ஜூன் 6ஆம் நாள் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இசிடோர் ஷிலேசின், தாயார் ஹெலெனா. இருவரும் லிதுவேனியாவைப் பூர்வீகமாகக் கொண்ட யூதர்கள். அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. எந்த ஊரில் வாழலாம், எந்தத் தொழில் செய்யலாம் என்பதையெல்லாம் அரசாங்கமே வகுத்து வைத்திருந்தது. 1891இல் மாஸ்கோ நகரத்தில் இருந்த யூதர்களை வெளியேற்றும் ஆணையும் வந்தது. அந்தக் கால கட்டத்தில் ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போயின. 1892இல் ஷிலேசின் குடும்பமும் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. சோன்யாவுக்கு அப்போது நான்கு வயது.

தென்னாப்பிரிக்காவில் யூதர்கள் சட்டப்படி வெள்ளையர் வரிசையில் வந்தார்கள். வாழ்வை நிலைப்படுத்திக்கொள்ள அது பெரிய வாய்ப்பு. பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று ஒதுங்கியிருந்தவர்கள் பலர். ஒதுங்காமல் இந்தியர்கள் பக்கம் வந்து நின்ற ஒரு சிலரில் சோன்யா மிக இளையவர்.

ஆறு பவுன் சம்பளம்

1905 வாக்கில் காந்தி ஜொகானஸ்பர்க் நகரில் பெயர் பெற்ற வழக்கறிஞர். ரிஸ்ஸிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் சந்திக்கும் முனையில் அவருடைய அலுவலகம் இருந்தது. அங்கே சுருக்கெழுத்தராகப் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பெண் திருமணம் செய்துகொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் தேடியபோது, கட்டடக் கலைஞரான காலன்பாக் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். காலன்பாக்கும் யூதர். அந்தப் பெண்ணைத் தாயார் தம் பொறுப்பில் ஒப்படைத்திருப்பதாகவும், கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆனால் குறும்பும் படபடப்பும் கொஞ்சம் அதிகம் என்றும் அவர் காந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நல்ல சுருக்கெழுத்தருக்கு மாதம் 20 பவுன் கொடுக்கவும் காந்தி தயாராக இருந்தார். காலன்பாக்கின் யோசனைப்படி 6 பவுனில் சோன்யாவின் வேலை தொடங்கியது. அப்போது அவருக்கு 17 வயது இருக்கும். ஒரே மாதத்தில் அந்தப் பெண்ணின் உழைப்பு காந்தியை வியக்க வைத்தது. இரவு, பகல் என்று பார்க்கவில்லை. முடியாது என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை. தவறு என்று பட்டால் முதலாளியையே முகத்துக்கு நேராகக் கண்டிக்கவும் தயங்கவில்லை.

சம்பளம் பின்னர் கூடியது. ஆனால், 10 பவுனுக்கு மேல் வாங்க அவர் மறுத்துவிட்டார். சம்பளத்துக்காக அங்கே வரவில்லை, கொள்கை பிடித்திருப்பதால் வந்தேன் என்பது அவருடைய நிலைப்பாடு. ஒருமுறை அவசரத் தேவைக்காக 40 பவுன் வாங்க வேண்டியிருந்தது. அதையும் கடன் என்று சொல்லித்தான் வாங்கினார். பல ஆண்டுகள் கழித்து, காந்தி இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் மறக்காமல் முழுத்தொகையையும் திருப்பி அனுப்பினார். பொதுப் பணத்தைக் கையாள்கிறவர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சிறு செய்தியே போதும்.

வீடும் சமயமும்

ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், வெள்ளையர் வீட்டுப் பெண் ஓர் இந்திய வழக்கறிஞரிடம் வேலைக்குப் போவதே ஊர் பேசும் செய்தி. அதிலும் அரசாங்கத்தை எதிர்த்துச் சிறைக்குப் போகிறவரிடம் வேலை செய்வது என்றால் சொல்லவே வேண்டாம். சோன்யாவின் பெற்றோர் மகளைத் தடுக்கவில்லை. 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகானஸ்பர்க் இந்தியர்கள் கூடிய ஒரு பெருங்கூட்டத்துக்காக அவர் ஓர் உரை எழுதினார். 20 வயதுகூட நிரம்பாத பெண்ணின் உரை என்பதால் பெற்றோரின் சம்மதம் பெறப்பட்டது. அதைக் காந்தியே கூட்டத்தில் வாசித்தார். எடுத்த முடிவிலிருந்து பின்வாங்காதீர்கள் என்பதே அதன் சாரம். வாக்குரிமைக்காக இங்கிலாந்துப் பெண்கள் சிறை புகுந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களையே அவர் எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தார்.

காந்தியைச் சுற்றியிருந்த ஐரோப்பியத் தோழர்களில் யூதர்கள் பலர். காலன்பாக், போலாக், ரிச் ஆகியோர் எல்லாரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். பிரம்மஞான சபை போன்ற இடங்களில் எல்லாச் சமயங்களின் சாரத்தையும் தேடிப் படித்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். சோன்யா வளர்ந்த சூழலும் அதுதான். வேலை செய்த இடமோ இன்னும் விரிந்தது. முஸ்லிம் வணிகர்கள், தமிழ் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் எல்லாரும் வந்துபோகும் அலுவலகம் அது. ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் கூட்டம் நடக்கும், அதற்கான கடிதத்தை யூதப் பெண் தட்டச்சு செய்வார், தமிழர்கள் சிறைக்குப் போவார்கள்.

யூதர்கள் ஆண்டுதோறும் பாஸ்கா திருநாளில் தங்கள் முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுபட்டதை நினைவுகூர்வார்கள். வீட்டில் பிள்ளைகள் கேள்வி கேட்க, பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்வது மரபு. சஞ்சிக்கூலிகளின் வழித்தோன்றல்களுக்கு அந்த மரபின் பொருள் எளிதில் புரியும். சோன்யா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் உறவு இல்லாதவராக அவர் வாழவில்லை. போராட்டக் குடும்பங்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே பார்த்தன.

தமிழ்ப் பெண்களின் செயலாளர்

டிரான்ஸ்வால் அரசாங்கம் கொண்டுவந்த ஆசியர் பதிவுச் சட்டம் இந்தியர்களைக் குற்றவாளிகளைப் போல் கைரேகை வைக்கச் சொன்னது. கேட்கும் இடத்தில் பதிவுச் சீட்டைக் காட்டவும் வேண்டும். 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜொகானஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர்கள் அந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் டிரான்ஸ்வாலில் சிறை சென்றவர்களில் தமிழர்களின் பங்கு மிகப் பெரிது. தம்பி நாயுடு சிறைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். தமிழர்களின் உறுதியைக் காந்தி பல இடங்களில் பாராட்டி எழுதியிருக்கிறார்.

ஆண்கள் சிறைக்குப் போனால் வீட்டு அடுப்பு எரியாது. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, நோய் நொடி எல்லாம் பெண்களின் தலையில் விழுந்தன. அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளவும் பொதுக் காரியத்தில் குரல் கொடுக்கவும் 1909இல் டிரான்ஸ்வால் இந்திய மகளிர் சங்கம் உருவானது. அதற்கு மதிப்புறு செயலாளராக இருந்து உழைத்தவர் சோன்யா. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள் பலர். செயலாளருக்கோ அவர்கள் மொழி தாய்மொழி இல்லை. இருந்தும் சங்கம் நின்றது, கூட்டங்கள் நடந்தன, அரசாங்கத்துக்கு விண்ணப்பங்கள் போயின.

கட்டையாக வெட்டிய முடி, ஆண்களைப் போல் கழுத்துப் பட்டியும் டையும், வேகமான நடை என்று இருந்த அந்த வெள்ளைக்காரப் பெண்ணை முதலில் விநோதமாகப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். நாளடைவில் ஆலோசனை கேட்டு ஆயிரக்கணக்கான இந்தியர்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்று காந்தி பதிவு செய்திருக்கிறார். நிறவேற்றுமை அவருடைய குணத்திலேயே இல்லை என்பது காந்தியின் கணிப்பு.

மூடிய கதவு

சட்ட அலுவலகத்தில் இத்தனை வேலை செய்யும் பெண் வழக்கறிஞராகவே ஆகலாமே என்று காந்திக்குத் தோன்றியது. 1909இல் சோன்யாவைத் தம்மிடம் பயிற்சி எழுத்தராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். டிரான்ஸ்வால் வழக்கறிஞர் மன்றம் மறுத்துவிட்டது. பெண் ஒருவரை அப்படிப் பதிவு செய்த முன்மாதிரி இல்லை என்பதே காரணம்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தியரான காந்திக்கு டிரான்ஸ்வாலில் வழக்கறிஞர் தொழில் செய்ய அனுமதி இருந்தது. வெள்ளையர் வரிசையில் இருந்த சோன்யாவுக்கு அது இல்லை. நிறத்தால் ஒரு கதவு மூடுகிறது, பெண் என்பதால் இன்னொரு கதவு மூடுகிறது. தென்னாப்பிரிக்காவில் பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. அதற்குள் அவர் வேறு பாதையில் போய்விட்டிருந்தார்.

எல்லாரும் உள்ளே, ஒருவர் வெளியே

1913 போராட்டத்துக்கு இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று 3 பவுன் வரி. ஒப்பந்தம் முடிந்த பிறகு நேட்டாலிலேயே தங்க விரும்பிய தொழிலாளி ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். மனைவிக்கும், வயது வந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மாதம் 14 ஷில்லிங் சம்பாதிக்கும் ஒருவருக்கு 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், நான்கு மாதக் கூலிக்கும் மேல். கட்ட முடியாதவர் மறுபடியும் ஒப்பந்தத்தில் சிக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும்.

இன்னொன்று திருமணம். 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாதவை ஆயின. தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். பெண்கள் நேரடியாகக் களத்தில் இறங்கியது இதற்குப் பிறகுதான்.

டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள் கொண்ட ஒரு குழு எல்லை தாண்டி நேட்டாலில் உள்ள நியூகாசல் சுரங்கப் பகுதிக்குப் போனது. ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தைகளோடு போனார்கள். சுரங்கத் தொழிலாளர்களிடம் அவர்கள் பேசிய பேச்சில் வேலைநிறுத்தம் தீயாய்ப் பரவியது. அக்டோபர் 21ஆம் நாள் அந்தப் பெண்கள் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மகளிர் சங்கத்தில் ஆண்டுக்கணக்கில் கூடிப் பேசிப் பழகிய துணிச்சலும் அந்தப் பயணத்தில் கூடவே போனது.

நவம்பர் 6ஆம் நாள் சார்ல்ஸ்டவுனிலிருந்து பெரும் நடைப்பயணம் புறப்பட்டது. 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியிலேயே காந்தி கைதானார். அடுத்து காலன்பாக், போலாக். அரசாங்கத்தின் பார்வையில் சோன்யா ஒரு தட்டெழுத்தர் மட்டும்தான் போலும், அவரைக் கைது செய்யவில்லை. தலைவர்கள் எல்லாரும் உள்ளே இருந்த நாள்களில் கடிதப் போக்குவரத்து, உதவி கேட்டு வந்தவர்களின் காரியங்கள், இந்தியன் ஒப்பீனியன் இதழ் தொடர்பான பணிகள் என்று அவர் தோளில் ஏறிய சுமையைக் காந்தி பின்னர் விரிவாகவே எழுதினார். தனி ஒருவராக இயக்கத்தை நடத்தினார் என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். இதற்கு முந்தைய ஆண்டே தென்னாப்பிரிக்கா வந்திருந்த கோபால கிருஷ்ண கோகலே, காந்தியின் சக ஊழியர்களை எடைபோட்டு, இந்தியர், ஐரோப்பியர் அனைவரிலும் சோன்யாவுக்கே முதலிடம் கொடுத்தார்.

வெற்றி வந்தது. அதற்கு விலையும் இருந்தது. சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையாகி வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தார். வயது 16. அதே ஆண்டில் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது, இந்தியத் திருமணங்களையும் ஏற்றது. ஜூலை 18ஆம் நாள் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார்.

இலத்தீன் ஆசிரியை

சோன்யா அங்கேயே தங்கினார். விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்றார். ஜொகானஸ்பர்க்குக்கு அருகில் உள்ள குருகர்ஸ்டார்ப் உயர்நிலைப் பள்ளியில் இலத்தீன் ஆசிரியையாகச் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் கற்பித்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் ஆசிரியையின் பழைய கதை தெரிந்திருக்கும்?

காந்தியோடு கடிதத் தொடர்பு நீடித்தது. சத்திய சோதனையில் தம்மைப் பற்றி வந்த பகுதியைப் படித்துவிட்டு அவர் மகிழ்ந்து போகவில்லை. செய்திகளில் பிழை இருக்கிறது என்று காந்தியிடமே சண்டை போட்டார். உலகமே மகாத்மா என்று கும்பிட்ட மனிதர், சோன்யாவுக்குத் தவறினால் திருத்தப்பட வேண்டிய பழைய முதலாளிதான்.

அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு செய்தி மனத்தை நெகிழ வைப்பது. 1953இல், 65 வயதில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நேட்டால் பல்கலைக்கழகத்தில் அவர் சட்டப் படிப்பில் சேர்ந்தார். 1909இல் மூடிய கதவை 44 ஆண்டுகள் கழித்துப் போய்த் தட்டினார். 1893இல் காந்தியை இரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் அது. 1913இல் தமிழ்ப் பெண்கள் சிறை இருந்த ஊரும் அதுவே. உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பை முடிக்க முடியவில்லை. 1956 ஜனவரி 6ஆம் நாள் ஜொகானஸ்பர்க்கில் அவர் காலமானார்.

நம் தோட்டங்களில்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தாலும், கங்காணி வழியாக ஆள் திரட்டுவது 1938 வரை நடந்தது. அந்த வழியில் வந்தவர்கள் இங்கே கோயில் கட்டினார்கள், பள்ளி தொடங்கினார்கள், தொழிற்சங்கம் கண்டார்கள். இன்று பல தோட்டங்களில் லயங்கள் இடிந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பள்ளிகள் சில பட்டணத்துப் பக்கம் இடம் மாறிவிட்டன. எஞ்சியிருப்பது ஆலயத் திருவிழா மலர்களிலும் பள்ளி நூற்றாண்டு மலர்களிலும் அச்சான வரலாறு.

அந்த மலர்களைப் புரட்டினால் தலைவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்பை எழுதியவர், திருவிழாக் கணக்கைச் சில்லறை பிசகாமல் வைத்திருந்தவர், பெரட்டுக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவர், வேலைநிறுத்த நாள்களில் வீடுவீடாக அரிசி திரட்டியவர் ஆகியோரின் பெயர்கள் அரிதாகவே இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அடுத்த இனத்தவரும் அவர்களில் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்த மலாய்க்கார மருத்துவச்சியையும், மாதச் சம்பளம் வரும்வரை கடனுக்குச் சாமான் கொடுத்த சீனக் கடைக்காரரையும் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

சோன்யாவின் பெயர் நமக்குத் தெரிய வந்ததற்குக் காரணம், காந்தி அதை மறக்காமல் எழுதி வைத்ததுதான். பிழையோடு எழுதினார், திட்டும் வாங்கினார். ஆனாலும் எழுதினார். அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்கும் ஆலய, பள்ளி நிர்வாகங்கள் தலைவர்களின் படத்தோடு அந்தப் பெயர்களையும் கேட்டு வாங்கலாம். பெயர்களைச் சொல்லக்கூடிய பாட்டிமார் சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய காலம் இது.